‘கொண்டான்’: பட்டப்பெயரிலும் ஊர்ப்பெயரிலும் வரும் ஒரு சொல்லின் பொருளையும் வேரையும் கண்டறிய முழுமையான வழிகாட்டி

பிடித்தவன், கைப்பற்றியவன் என்ற பொருளில் தமிழ்க் கல்வெட்டுகளில் அதிகம் புழங்கும் சொல் ‘கொண்டான்’. அதன் பெயரெச்சம் ‘கொண்ட’. மதிரை கொண்ட கோப்பரகேசரி, கங்கை கொண்ட சோழன், வாதாபி கொண்ட நரசிங்கப் போத்தரையர், வீரபாண்டியன் தலைகொண்ட ஆதித்தன் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்ட சொல் என்பதால் யாரும் நின்று பார்ப்பதில்லை. ஆனால் கங்கை கொண்டவன் கங்கைக்கரையை ஆளவில்லை. முடித்தலை கொண்டவன் தலையை வெட்டவில்லை. பள்ளிகொண்டவர் எவரையும் பிடிக்கவில்லை. கோல்கொண்டாவில் உள்ள ‘கொண்டா’வுக்கு இந்தச் சொல்லோடு உறவே கிடையாது.

கீழே உள்ள படிகளை வரிசையாகச் செய்தால், ஒரு கல்வெட்டிலோ ஊர்ப்பெயரிலோ இந்தச் சொல் வரும்போது அது எதைக் குறிக்கிறது என்று ஓரளவு உறுதியாகச் சொல்லிவிடலாம். கையில் இருக்க வேண்டியவை நான்கு: சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் (1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகள், 1939இல் பிற்சேர்க்கை), பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி (1961, இரண்டாம் பதிப்பு 1984), தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகள், நன்னூல் என்ற இலக்கண நூலில் சொற்களைப் பகுதி, விகுதி என்று பிரிக்கும் பதவியல். நான்கும் இணையத்தில் கிடைக்கின்றன.

படி 1: சொல்லைப் பிரியுங்கள்

கொண்டான் = கொள் + ட் + ஆன். கொள் பகுதி. அதன் ‘ள்’ ‘ண்’ ஆனது விகாரம். ‘ட்’ இறந்தகால இடைநிலை. ‘ஆன்’ ஆண்பால் விகுதி. ‘கொண்ட’ என்றால் கடைசியில் பெயரெச்ச விகுதியான ‘அ’. ‘கொண்டு’ என்றால் வினையெச்ச விகுதியான ‘உ’.

அடுத்துப் பார்க்க வேண்டியது, உங்கள் முன் இருக்கும் ‘கொண்டான்’ வினைமுற்றா, வினையாலணையும் பெயரா என்பது. ‘அரசன் ஊரைக் கொண்டான்’ என்பதில் அது முற்று. ஒரு செயலைச் சொல்லி நிற்கிறது. ‘கடாரம் கொண்டான்’ என்று ஒருவருக்கோ ஊருக்கோ பெயராக நிற்கும்போது அது செய்தவனைக் குறிக்கும் பெயர். சந்தேகம் வந்தால் வேற்றுமை உருபு ஏற்கிறதா என்று பாருங்கள். கொண்டானை, கொண்டானுக்கு, கொண்டானின் என்று நீண்டால் பெயர். உருபு இல்லாமல் வாக்கியம் முடிந்துவிட்டால் முற்று. கல்வெட்டு வாசிப்பில் புதியவர்கள் இங்கேதான் முதலில் தடுமாறுவார்கள். பட்டப்பெயரை முற்றாக எடுத்துக்கொண்டு, அந்தக் கல்வெட்டு எழுதிய ஆண்டில்தான் போர் நடந்தது என்று எழுதிவிடுவார்கள்.

இன்னொரு குழப்பம் கொல், கொள் என்ற இரண்டு வேர்களுக்கிடையே. கொல் என்பதிலிருந்து கொன்றான். கொள் என்பதிலிருந்து கொண்டான். பேச்சில் லகர ளகரம் மங்கினாலும் இறந்தகால வடிவத்தில் இவை ஒருபோதும் கலப்பதில்லை. காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக் கல்வெட்டு இதற்குச் சரியான சான்று. முதலாம் இராசராசன் காலத்து அந்தக் கல்வெட்டில், பாண்டியனைத் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்று துரோகிகளானவர்களின் சொத்துப் பற்றிய செய்தி வருகிறது. கொண்டதும் கொன்றதும் ஒரே தொடரில் அடுத்தடுத்து நிற்கின்றன. இரண்டும் வேறு வேறு செயல்கள்.

படி 2: அகராதியில் சரியான இடத்தைத் திறங்கள்

‘கொண்டான்’ என்று தேடினால் பாதி வழியில் நின்றுவிடுவீர்கள். லெக்சிகனில் ‘கொள்(ளு)-தல்’ என்ற தலைச்சொல்லுக்குப் போக வேண்டும். அங்கே பெறுதல், வாங்குதல், மணத்தல், கவர்தல், உட்கொள்ளுதல், கருதுதல் என்று பொருள்கள் வரிசையாக நிற்கும். இவற்றில் எது முதலில் வந்தது என்று சண்டை போடுவது வீண். ஒன்றைக் கைக்குள் கொண்டுவருதல் என்ற ஒரே அசைவிலிருந்து எல்லாம் கிளைத்தவை. காசு கொடுத்துக் கைக்குக் கொண்டுவந்தால் கொள்முதல். இலங்கைத் தமிழில் அதுவே கொள்வனவு. கேட்காமல் எடுத்தால் கொள்ளை. பாத்திரம் தனக்குள் வாங்கும் அளவு கொள்ளளவு. மனம் பிடித்து வைத்திருப்பது கொள்கை.

‘கொண்டவன்’ என்று தேடினால் கணவன் என்ற பொருள் கிடைக்கும். இது பழைய வழக்கு. திருக்குறளின் வாழ்க்கைத்துணை நலம் அதிகாரத்தில் (குறள் 51, 56) ‘தற்கொண்டான்’ என்றால் தன்னை மணந்தவன். ‘கொண்டவன் துணையிருந்தால் கூரையேறிச் சண்டை போடலாம்’ என்ற பழமொழியும் இதே பொருளில்தான். ‘கொண்டான் கொடுத்தான்’ என்றால் பெண் எடுத்தவர், பெண் கொடுத்தவர், அதாவது சம்பந்தி உறவு. ஆகவே பழைய பாட்டிலோ ஓலையிலோ ‘கொண்டான்’ தனியே நின்றால், வென்றவன் என்று எழுதுவதற்கு முன் கணவனாக இருக்க இடமுண்டா என்று பாருங்கள். அந்தச் சொல்லுக்கு முன்னால் எந்த இடமும் பொருளும் இல்லாமல், ‘தன்’ போன்ற சொல் மட்டும் இருந்தால் பெரும்பாலும் கணவன்தான்.

அகராதியில் இன்னொரு வரியையும் விடாதீர்கள்: கோள். கொள் என்பதன் முதலெழுத்து நீண்டு உருவான தொழிற்பெயர் அது. படு, பாடு ஆவது போல. காளையைப் பிடிப்பது ஏறுகோள். பகைவரின் மாடுகளைக் கவர்வது ஆகோள். தொல்காப்பியம் மாடு கவரும் போரான வெட்சியின் துறைகளில் ஒன்றாக இதைச் சொல்கிறது. வானத்துக் கோளும் இதுதான். வடமொழியின் ‘கிரகம்’ என்பதற்கும் பிடிப்பது என்றே அடிப்படைப் பொருள்.

ஆகோள் வெறும் ஏட்டுச் சொல் அல்ல. தேனி மாவட்டம் ஆண்டிபட்டி வட்டத்தில் உள்ள புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுத்த நடுகற்களில் ஒன்றில் தமிழ் பிராமி எழுத்தில் ‘கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்’ என்று இருக்கிறது. கூடலூரில் நடந்த மாடுபிடிச் சண்டையில் இறந்தவனுக்கு எடுத்த கல். தமிழ்நாட்டில் இதுவரை கிடைத்த நடுகற்களில் மிகப் பழையவை இவை. கவர்தல் என்ற பொருளில் இந்த வேர் மன்னர்களின் பட்டத்துக்கு வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே மேய்ச்சல் நிலத்தில் வழங்கியது என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டாம்.

படி 3: அண்டை மொழிகளில் ஒப்பிடுங்கள்

கன்னடத்தில் கொள், கொண்ட. தெலுங்கில் கொனு; வாங்கு, எடு என்று பொருள். மலையாளத்தில் கொள்ளுக, கொண்டு. துளுவிலும் உண்டு. இத்தனை மொழிகளிலும் ஒலியும் பொருளும் ஒத்துப்போவதால் இது தமிழ் பிறமொழியிலிருந்து வாங்கிய சொல் அல்ல, பொதுத் திராவிட வேர் என்று சொல்லலாம். ‘கொள்’ என்பதை அதற்கு மேலும் உடைத்து மூலம் தேடுவது ஊகத்தில்தான் முடியும். அங்கேயே நிறுத்துவது நல்லது.

கன்னட ஒப்பீடு இன்னொரு வகையிலும் பயன்படும், ஏனென்றால் இதே பட்டம் அங்கும் உண்டு. ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்தனன் 1116ஆம் ஆண்டு வாக்கில் சோழரிடமிருந்து தலக்காட்டைக் கைப்பற்றி ‘தலகாடுகொண்ட’ என்ற பட்டம் சூடினான். அவன் காசுகளிலும் அது இருக்கிறது. கன்னடப் புணர்ச்சியில் ககரம் மெலிந்து ஒலிப்பதால் ‘கொண்ட’ என்பதன் முதல் ஒலி ‘கங்கை’யில் வரும் முதல் எழுத்தைப் போலக் கேட்கும். ஆங்கில எழுத்தில் படிக்கும்போது இரண்டும் வேறு சொல் போலத் தோன்றும். ஒன்றுதான்.

ஒலி ஒத்திருந்தால் போதாது, பொருளும் பொருந்த வேண்டும். தெலுங்கில் ‘கொண்ட’ என்றால் மலை. தமிழின் குன்று என்பதற்கு உறவான சொல். கோல்கொண்டா, நாகார்ஜுனகொண்டா எல்லாம் மலைப்பெயர்கள். யாரும் யாரையும் பிடித்ததால் வந்தவை அல்ல. தலைமுடியில் போடும் கொண்டையும் வேறு. ஆங்கிலத்தில் பிடித்து வைத்திருப்பவரைக் குறிக்கும் ‘கேப்டர்’ இலத்தீன் ‘கபேரே’ என்ற வினையிலிருந்து வந்தது. அந்த வினைக்கும் பிடித்தல், எடுத்தல் என்றே பொருள். கொள்ளளவைக் குறிக்கும் ‘கெப்பாசிட்டி’யும் அதே வேரில் பிறந்தது. பொருள் வளர்ந்த வழி நம் ‘கொள்’ போலவே இருப்பது சுவையான செய்திதான். ஆனால் அதை வைத்து இரண்டும் ஒரே வேர் என்று எழுதக் கூடாது. பிடித்தல் என்ற பொருள் எந்த மொழியிலும் இப்படித்தான் கிளை விடும்.

படி 4: ‘கொண்ட’ என்பதற்கு முன்னால் என்ன இருக்கிறது?

நேரம் செலவழிக்க வேண்டிய படி இது. ‘கொண்ட’ என்ற சொல் தனியாகப் பொருளை முடிவு செய்வதில்லை. முன்னால் நிற்கும் பெயர்தான் முடிவு செய்கிறது. அந்தப் பெயர் எந்த வகை என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஊரோ நாடோ இருந்தால், படை அங்கே சென்று வென்றது என்ற உரிமைகோரல். அவ்வளவுதான். தொடர்ந்து ஆண்டான் என்பதற்கு அது சான்று ஆகாது. இராஷ்டிரகூடன் மூன்றாம் கிருஷ்ணன் தமிழ்க் கல்வெட்டுகளில் ‘கச்சியும் (காஞ்சி) தஞ்சையும் கொண்ட கன்னரதேவன்’. 949இல் தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் இறந்ததும், தொண்டை மண்டலம் கன்னரதேவன் கையில் சில காலம் இருந்ததும் உண்மை. ஆனால் அவன் ஆட்சியாண்டு போட்ட கல்வெட்டுகள் தொண்டை மண்டலப் பகுதியில்தான் கிடைக்கின்றன, தஞ்சைச் சுற்றுவட்டாரத்தில் இல்லை. கச்சிக்குப் பொருந்தும் ‘கொண்ட’ தஞ்சைக்கு அதே அளவில் பொருந்தவில்லை என்பது இதிலிருந்து தெரியும். எந்த ‘கொண்ட’ பட்டத்துக்கும் இந்தச் சோதனையைச் செய்யலாம்: கொண்டதாகச் சொல்லும் இடத்தில் அந்த அரசனின் ஆட்சியாண்டு போட்ட கல்வெட்டு உண்டா, உண்டென்றால் எத்தனை ஆண்டுகளுக்கு உண்டு?

முதலாம் பராந்தகன் (907–955) தன் மூன்றாம் ஆட்சியாண்டிலேயே ‘மதிரை கொண்ட’ என்று போட்டுக்கொள்கிறான். ஆட்சியின் பிற்பகுதியில் அது ‘மதிரையும் ஈழமும் கொண்ட’ என்று வளர்கிறது. தோற்ற பாண்டியன் இராசசிம்மன் தன் மணிமுடியையும் அரச சின்னங்களையும் ஈழத்தில் ஒப்படைத்துவிட்டுப் போனான். அவற்றை மீட்கத்தான் பராந்தகன் படை கடல் கடந்தது. ஈழத்தில் வென்றாலும் முடி அவனுக்குக் கிடைக்கவில்லை. ஏறத்தாழ எழுபது ஆண்டு கழித்து முதலாம் இராசேந்திரன்தான் அதை எடுத்துவந்தான். அவன் மெய்க்கீர்த்தியே (கல்வெட்டின் தொடக்கத்தில் வரும் அரசனின் புகழுரை) ‘தென்னவன் வைத்த சுந்தர முடி’ என்று அதைக் குறித்துச் சொல்கிறது. ஆக, பராந்தகனின் ‘ஈழம் கொண்ட’ என்பதில் தீவும் அடங்கவில்லை, தேடிப்போன முடியும் அடங்கவில்லை.

முன்னால் ஆறு இருந்தால் இன்னும் கவனம். இராசேந்திரனின் படை கங்கைச் சமவெளி வரை போனது. திருவாலங்காட்டுச் செப்பேட்டின்படி, கங்கை நீரோடு திரும்பிய தளபதியை அரசன் கோதாவரிக் கரையில் எதிர்கொண்டான். கொண்டது நீரை. அந்த நீரைச் சோழகங்கம் என்ற ஏரியில் விட்டு, நீராலான வெற்றித்தூண் என்று அதைச் செப்பேடு பாடுகிறது. இன்று அந்த ஏரி பொன்னேரி. ‘கங்கைகொண்ட’ என்பதைக் கங்கை நாட்டைக் கைப்பற்றிய என்று விரித்து எழுதுபவர்கள் செப்பேட்டைப் படிக்காதவர்கள். 1025இல் நடந்த கடாரப் (இன்றைய மலேசியாவின் கெடா) படையெடுப்பும் அப்படியே. அதன் அரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மனைப் பிடித்ததையும் யானைகளையும் பொருளையும் கவர்ந்ததையும் மெய்க்கீர்த்தி சொல்கிறது. கெடா நிலத்தில் சோழ ஆட்சி நிலைக்கவில்லை.

தலையோ முடியோ இருந்தால் இரண்டு பொருள்களுக்கு இடமுண்டு: வெட்டுதல், பணியவைத்தல். வேறு சான்று இல்லாமல் எதையும் தேர்ந்தெடுக்காதீர்கள். இரண்டாம் ஆதித்தனின் ‘வீரபாண்டியன் தலைகொண்ட’ என்பதில் வெட்டுதல் பொருந்தும். பாண்டியனின் தலையை ஊரில் வெற்றித்தூண் போல நிறுத்தினான் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. ஆனால் மூன்றாம் குலோத்துங்கன் (1178–1218) ‘மதுரையும் பாண்டியன் முடித்தலையும் கொண்டருளிய’ என்று போட்டுக்கொள்ளும்போது அந்தப் பாண்டியன் உயிரோடுதான் இருந்தான். பின்னால் வந்து பணிந்ததை அதே மன்னனின் கல்வெட்டுகள் சொல்கின்றன. முடிசூடிய தலைமேல் கால்வைத்ததே இங்கே கொள்ளுதல். அதே தலைக்கு ஒருவருக்கு மேற்பட்டவர் உரிமை கோருவதும் உண்டு. தொண்டை நாட்டில் பார்த்திவேந்திராதிவர்மனும் ‘வீரபாண்டியன் தலைகொண்ட’ என்றுதான் கல்வெட்டு வெட்டியிருக்கிறான். எதிர்ப்பக்கத்தில் அந்த வீரபாண்டியனே ‘சோழன் தலைகொண்ட’ என்று போட்டுக்கொண்டவன்.

முன்னால் இருப்பது பண்போ செயலோ என்றால் பிடித்தல் பொருள் கரைந்துவிடும். சயங்கொண்ட என்றால் வெற்றி பெற்ற; தொண்டை மண்டலத்துக்குச் சயங்கொண்ட சோழ மண்டலம் என்றும், அரியலூர் மாவட்டத்து ஊருக்குச் சயங்கொண்டம் என்றும் பெயர் வந்தது இப்படி. பள்ளிகொண்ட என்றால் துயில்கின்ற. குடிகொண்ட, கோயில்கொண்ட என்பவையும் இந்த இனம். இவற்றில் ‘கொள்’ முன்னால் உள்ள பெயரை வினையாக்கித் தரும் வேலையை மட்டும் செய்கிறது. வேலூர்ப் பக்கத்துப் பள்ளிகொண்டா பெருமாளின் பெயரால் வந்த ஊர், போரைத் தேடாதீர்கள்.

ஆட்கொண்ட என்பது நடுவில் நிற்கிறது. அடிமையாக எடுத்துக்கொண்ட என்பது நேர்ப்பொருள். சிவன் சுந்தரரைத் திருமணப் பந்தலில் ஓலை காட்டி மறித்துத் திருவெண்ணெய்நல்லூருக்கு இழுத்துச் சென்ற கதைக்குப் பெரியபுராணம் வைத்த தலைப்பே தடுத்தாட்கொண்ட புராணம். வழக்குப்போட்டு ஆளைப் பிடிப்பதுதான் அங்கே நடக்கிறது. பிடித்தவனை நோக்கிப் பக்தி வரும்போது சொல்லின் கூர் மழுங்கிவிடுகிறது, பொருள் மாறவில்லை.

கொள்வது என்றால் வைத்துக்கொள்வது என்று பொருளில்லை என்பதைச் சொல்லின் வழக்கே காட்டும். குறள் 1146 சந்திர கிரகணத்தைத் ‘திங்களைப் பாம்புகொண்டற்று’ என்கிறது. பாம்பு பிடிக்கிறது, சற்று நேரத்தில் விடுகிறது, அதுவும் கொள்ளுதல்தான். முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியனிடம் (1216–1238) இதையே அரசியலாகப் பார்க்கலாம். முதலில் ‘சோணாடு கொண்டருளிய’. பிறகு, சோழனுக்கே நாட்டைத் திருப்பிக் கொடுத்ததும் ‘சோணாடு வழங்கியருளிய’. விசயநகர மன்னர்களும் பின்னால் சேதுபதிகளும் இதற்கு நேரெதிராக ஒரு பட்டம் வைத்துக்கொண்டார்கள்: ‘கண்டநாடு கொண்டு கொண்டநாடு கொடாதான்’. கொண்டதைக் கொடுக்காமல் வைத்திருப்பதற்குத் தனியாக ‘கொடாதான்’ என்று சேர்க்க வேண்டியிருந்தது என்றால், ‘கொண்டான்’ மட்டும் அந்த வேலையைச் செய்யவில்லை என்றுதானே அர்த்தம்?

படி 5: கல்லில் உள்ள எழுத்தைச் சரிபாருங்கள்

அச்சில் வந்த பாடத்தை நம்பி முடிவெடுக்கும் முன் மைப்படியோ (கல்லின்மேல் தாளை ஒட்டி மையால் எடுத்த படி) நல்ல ஒளிப்படமோ கிடைத்தால் பாருங்கள். மூன்று இடங்களில் தவறு நேர்கிறது.

முதலாவது, பழைய கல்வெட்டுகளில் புள்ளி பெரும்பாலும் இருக்காது. எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வேறுபாடு காட்டும் வழக்கமும் இல்லை. இன்று நாம் எழுதும் இரட்டைக்கொம்பு வேறுபாடு 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் சீர்திருத்தத்தோடு வந்தது. ஆகவே ‘கொள்’, ‘கோள்’ இரண்டும் கல்லில் ஒரே வடிவம். எதைப் படிப்பது என்பதை வாக்கியம்தான் சொல்ல வேண்டும்: அடுத்து ஒரு பெயர் வந்தால் வினை வடிவம், தானே பெயராக நின்றால் கோள்.

இரண்டாவது, ‘கண்ட’ என்பதற்கும் ‘கொண்ட’ என்பதற்கும் உள்ள வேறுபாடு ககரத்துக்கு முன்னால் ஒரு கொம்பும் பின்னால் ஒரு காலும் மட்டுமே. கல் உரிந்திருந்தால் இரண்டும் போய்விடும். விசயநகரக் கல்வெட்டுகளில் ‘மூவராய கண்டன்’ என்று வருவதை ‘கொண்டான்’ என்று திருத்திப் படிக்கத் தோன்றும், செய்யாதீர்கள். அது வீரன், ஆண்மகன் என்று பொருள்படும் கன்னடச் சொல். கண்டநாடு என்பதில் உள்ள ‘கண்ட’ மூன்றாவதாக ஒன்று, காண் என்ற வினையிலிருந்து வந்தது.

மூன்றாவது, ஊரின் எழுத்து. பராந்தகன் கல்வெட்டில் ‘மதிரை’ என்று இருப்பதை எழுத்துப்பிழை என்று நினைத்து ‘மதுரை’ என்று மாற்றிவிடுவார்கள். காலத்தைக் கணிக்க உதவும் வடிவத்தை நீங்களே அழித்துவிட்டது போலாகும். உள்ளபடி எழுதி, உங்கள் விளக்கத்தைத் தனியே எழுதுங்கள்.

படி 6: எந்த அரசன், எந்த ஆண்டு?

சோழர்கள் பரகேசரி, இராசகேசரி என்ற இரண்டு பட்டங்களையும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டார்கள். முதலாம் பராந்தகன் பரகேசரி. ஆகவே ‘மதிரை கொண்ட கோப்பரகேசரி’ என்றால் அவன். ‘மதிரை கொண்ட கோஇராசகேசரி’ என்றால் அவனாக இருக்க முடியாது. சுந்தர சோழன் என்றே பெரும்பாலும் கொள்வர். ‘கொண்ட’ வரை படித்துவிட்டு அடுத்த சொல்லை விட்டுவிட்டால் அரை நூற்றாண்டு தவறிவிடும்.

ஆட்சியாண்டை மாற்ற: பட்டத்துக்கு வந்த ஆண்டோடு கல்வெட்டு ஆண்டைக் கூட்டி ஒன்றைக் கழியுங்கள். பராந்தகனின் மூன்றாம் ஆண்டு 907 + 3 − 1 = 909, அதாவது 909–910. மதுரைப் பட்டம் அதற்குள் வந்துவிட்டது. பாண்டியரோடு போர் அதற்குப் பிறகும் தொடர்ந்தது. பட்டம் முதலில் தோன்றும் ஆண்டு, முதல் வெற்றி அதற்குப் பிந்தியது அல்ல என்று மட்டும் காட்டும். போர் முடிந்த ஆண்டைத் தராது.

பட்டத்தைச் சொல்லும் கல்வெட்டு அந்த அரசன் காலத்ததா, பிற்காலத்ததா என்பதையும் பாருங்கள். நரசிம்மவர்ம பல்லவன் இரண்டாம் புலிகேசியின் வாதாபியைப் பிடித்தது 642இல். ‘வாதாபி கொண்ட நரசிங்கப் போத்தரையர்’ என்று அவனைச் சொல்லும் திருக்கழுக்குன்றத்துக் கல்வெட்டு முதலாம் ஆதித்த சோழனின் 27ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ 250 ஆண்டுகள் கழித்து வெட்டியது. நினைவில் நின்ற பெயர் அது. நல்ல வேளையாக வாதாபியிலேயே பாறையில் பல்லவன் கல்வெட்டு இருப்பதால் செய்தி உறுதிப்படுகிறது.

‘கொண்ட’ என்பது ‘கொண்டருளிய’ என்று நீள்வது பிற்காலத்தில் பெருகிய மரியாதை வழக்கு. பொருளில் மாற்றமில்லை. ஆனால் 10ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு என்று சொல்லப்படும் ஒன்றில் ‘எம்மண்டலமும் கொண்டருளிய’ என்று வந்தால் காலக்கணிப்பைச் சந்தேகியுங்கள். அது 13ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் தொடர்.

படி 7: ஊர்ப்பெயர்

திருநெல்வேலிக்கு வடக்கே கங்கைகொண்டான், இராசபாளையம் பக்கம் கொல்லங்கொண்டான், திருவாரூர்ப் பக்கம் கடாரங்கொண்டான், முடிகொண்டான், முடிகொண்டான் ஆறு. பெயரைப் பார்த்ததும் அந்த ஊரில் போர் நடந்தது என்று எழுதுவது பொதுவான தவறு. போர் நடந்த இடத்தின் பெயர் சொல்லின் முன்பாதியில் இருக்கிறது. ஊர் இருப்பது வென்றவனின் நாட்டில். மன்னன் பெயரால் ஊரையோ பிராமணருக்குக் கொடுத்த பிரமதேயத்தையோ வாய்க்காலையோ அமைத்தபோது பட்டம் ஊரில் ஒட்டிக்கொண்டது.

சரிபார்க்கும் முறை எளிது. ஊர்க் கோயில் கல்வெட்டில் பழைய பெயர் என்ன என்று பாருங்கள். ‘கங்கைகொண்ட சோழ’ என்று தொடங்கி நல்லூர், புரம், சதுர்வேதிமங்கலம் என்று முடிந்தால் பட்டம் உறுதி. கல்வெட்டு இல்லையென்றால் முன்பாதி வெளியூர்ப் பெயரா என்று பாருங்கள். கொல்லம், கடாரம், கங்கை போல வெகுதூரத்து இடமாக இருந்தால் பட்டமாக இருக்க வாய்ப்பு அதிகம். முதலாம் மாறவர்மன் குலசேகரன் (1268இல் பட்டத்துக்கு வந்தவன்) ‘கொல்லம் கொண்ட’ பாண்டியன் என்பது நினைவிருக்கட்டும். முன்பாதி மரமாகவோ விலங்காகவோ சாமி பெயராகவோ இருந்தால் வேறு காரணம் தேடுங்கள். ஆந்திர எல்லையோரம் என்றால் தெலுங்கு மலைச்சொல்லை முதலில் விலக்கிவிட்டு வாருங்கள்.

படி 8: பிடிபட்டவர் பக்கமும் பாருங்கள்

இதே வேரில் ‘கொண்டி’ என்ற சொல் உண்டு. கொள்ளைப்பொருள், கவர்ந்துவந்தது என்று பொருள். பட்டினப்பாலையில் அம்பலத்தை மெழுகி அந்தி விளக்கேற்றும் ‘கொண்டி மகளிர்’ பகைவர் நாட்டிலிருந்து பிடித்துவந்த பெண்கள். மதுரைக்காஞ்சியில் அதே தொடர் பரத்தையரைக் குறிக்கிறது. வருபவரின் பொருளைக் கவர்பவர்கள் என்று உரை. ஓரிடத்தில் கவரப்பட்டவர், இன்னோரிடத்தில் கவர்பவர். உரையைப் பார்க்காமல் அகராதிப் பொருளை மட்டும் ஒட்டினால் பாட்டு தலைகீழாகிவிடும்.

இன்றைய எழுத்தில் பிடித்தவரைக் குறிக்கக் ‘கொண்டான்’ பயன்படாது; கணவன் என்றோ பட்டம் என்றோதான் வாசகர் எடுத்துக்கொள்வார். போரிலோ கடலிலோ பிடித்துச் சென்றவரைச் ‘சிறைபிடித்தவர்’ என்று எழுதலாம். பணத்துக்காகத் தூக்கிச் சென்றவர் ‘கடத்தல்காரர்’. யாரையாவது அடைத்து வைத்து நிபந்தனை போடுபவர் ‘பிணையாகப் பிடித்து வைத்திருப்பவர்’. விலங்கைப் பிடிப்பவருக்குப் ‘பிடிப்பவர்’ போதும். பாம்பு பிடிப்பவர், யானை பிடிப்பவர் என்றுதான் ஊரில் சொல்கிறார்கள். ‘கைப்பற்றியவர்’ என்பதை ஆளுக்குப் பயன்படுத்தாதீர்கள். ஊர், ஆயுதம், ஆவணம், பதவி போன்றவற்றுக்கு மட்டுமே அது பொருந்தும்.